ஒரே பில் வீடு: கிழக்கு லண்டனில் பிளாட் வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்டு பக்கம் ஒன்றோ இரண்டோ பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைக் கண்ணாடிகளில் நீங்கள் ஒட்டும் விளம்பரங்களை வாசிக்கிறேன். ஸ்டேஷன் எத்தனை நிமிஷம், முருகன் கோயிலுக்கு நடந்து போகலாமா, கவுன்சில் டாக்ஸ் வாடகையில் சேர்ந்ததா, எல்லாம் இருக்கும். வீட்டைச் சூடாக்குவது காஸா கரண்டா என்பது மட்டும் இருக்காது. போன் போட்டுக் கேட்டால், "ஆல் எலெக்ட்ரிக் தம்பி, ஒரே பில், தொந்தரவே கிடையாது" என்கிறீர்கள். தொந்தரவு கிடையாதுதான், உங்களுக்கு. காஸ் பாய்லர் உள்ள வீடென்றால் வருஷத்துக்கொரு முறை பதிவு பெற்ற ஆளை அழைத்துச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நடு ஜனவரியில் பாய்லர் படுத்துவிட்டால் ராத்திரியில் உங்கள் போன் அடிக்கும். அந்த ஆல் எலெக்ட்ரிக் வீடுகளில் இருக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டரில் (இரவுக் கரண்டில் சூடேறிப் பகலில் வெப்பம் விடுவது) இவை எதுவும் இல்லை. ஆனால் அப்படி நீங்கள் மிச்சம் பிடிப்பதைப் போலப் பல மடங்கை வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை உச்சவரம்பில் கரண்ட் யூனிட் சராசரியாக 26.35 பென்ஸ், காஸ் யூனிட் 6.29 பென்ஸ். நாலு மடங்குக்கும் மேல். நடுத்தரமான இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு ஒரு வருஷத்தில் 5,000 யூனிட் வெப்பம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாய்லர் எரிக்கும் காஸில் ஒரு பங்கு புகைக்குழாயில் போய்விடும். 85 சதவீதம் உள்ளே வந்தால் ஏறக்குறைய 5,880 யூனிட் காஸ் வேண்டும். விலை 370 பவுண்டு. காஸுக்கென்று தனியாகத் தினசரி நிலைக்கட்டணம் உண்டு, அது அப்போதைய விலையில் வருஷத்துக்கு 124 பவுண்டு. இரண்டும் சேர்த்து 494.

அதே வெப்பத்தை சாதாரண ஒற்றை விலைக் கரண்டில் எடுத்தால் 1,317 பவுண்டு. "அதுக்குத்தானே எகானமி 7 இருக்கு" என்பீர்கள், இரவில் மலிவாகவும் பகலில் கூடுதலாகவும் விற்கும் கரண்ட் திட்டத்தை. சரி, இரவு யூனிட் 15 பென்ஸ், பகல் யூனிட் 31 பென்ஸ் என்று ஒரு திட்டம் கிடைத்ததாகவே வைப்போம். ஐந்தில் நாலு பங்கை இரவில் ஏற்றி, மீதியைப் பகலில் எடுத்தாலும் 910 பவுண்டு வருகிறது. காஸ் வீட்டைவிட 416 பவுண்டு கூடுதல். இது வருஷம் முழுக்கப் பரவாது, நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதத்தில் விழும். மாதம் 80 பவுண்டுக்கு மேல். பக்கத்துத் தெரு காஸ் வீட்டைவிட 50 பவுண்டு வாடகை குறைவு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்த பிளாட் இது.

ஸ்டோரேஜ் ஹீட்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது தோன்றிய காலத்தில் அது நல்ல யோசனை. இரவில் ஊரே தூங்கும்போதும் நிலக்கரி, அணு மின் நிலையங்களை அணைத்து வைக்க முடியாது. மிஞ்சும் கரண்டை மலிவாக விற்றார்கள். 1978இல் எகானமி 7 வந்தது, இரவில் ஏழு மணி நேரம் குறைந்த விலை. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி ராத்திரி முழுக்க அனலைக் கக்குமே, அதன் தலைகீழ் வேலை இது: உள்ளே அடுக்கிய கனமான செங்கற்கள் இரவில் சூடேறிப் பகலில் மெல்ல விடுகின்றன. பகல் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தும். காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பும் வீட்டில், ஆளில்லாத அறைதான் சூட்டை அனுபவிக்கிறது.

இந்தக் கட்டடங்களில் ஏன் காஸ் இல்லை என்பதற்கும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நம் நியூஹாம் வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. 1968 மே 16 காலை, கேனிங் டவுனில் குடியேறி இரண்டே மாதமான ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், பதினெட்டாம் மாடியில் காஸ் வெடித்தது. ஒரு மூலை அப்படியே சரிந்தது, நாலு பேர் இறந்தார்கள். அதன்பின் அப்படிப்பட்ட பல அடுக்கு மாடிகளிலிருந்து காஸ் எடுக்கப்பட்டு, கரண்ட் ஹீட்டர்கள் புகுந்தன. ஆகவே, "உங்க பிளாட்டுக்கு காஸ் கொண்டு வாங்க" என்று நான் கேட்கப் போவதில்லை. பல கட்டடங்களில் நீங்கள் நினைத்தாலும் முடியாது. அரசும் காஸை விட்டு விலகத்தான் சொல்கிறது. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

சென்ற ஜனவரியில் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். மாலை ஐந்து மணி. ஹாலில் இருந்த ஹீட்டரைத் தொட்டால் சுவர் மாதிரி இருந்தது. பையன் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறான், காலடியில் 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் இரைகிறது. மூடியைத் தூக்கி அந்த இரண்டு திருகுகளைப் பார்த்தேன். இன்புட் 2இல், அவுட்புட் 6இல். இரவில் குறைவாக ஏற்றி, ஏற்றியதை விடிவதற்குள் முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். குளிர்கிறதே என்று படுக்கும்முன் பெரிய எண்ணுக்குத் திருப்புவது யாருக்கும் வருகிற புத்திதான். திருப்ப வேண்டியது இன்புட் திருகு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் திருகிப் பழகியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அந்த ஃபேன் ஹீட்டர் பகல் விலையில் மணிக்கு 62 பென்ஸ் தின்கிறது. மாலையில் நாலு மணி நேரம் ஓடினால் மாதம் 75 பவுண்டு, ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவில் தின்றது போக.

சாவி கொடுக்கும் நாளில் ஐந்து நிமிஷம் செலவழித்துச் சொல்லிக் காட்டினால் போதும். அவுட்புட்டைத் தூங்கும்முன் மூட வேண்டும், இன்புட்டை வானிலைக்கேற்ப மாற்ற வேண்டும், வெந்நீர் டாங்கியின் பகல் பூஸ்ட் ஸ்விட்சைத் தேவையில்லாமல் தொடக்கூடாது. தமிழில் ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் அடுத்து வருபவருக்கும் ஆகும்.

மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பிளாட்டுகளில் முன்பு இருந்தவர் ஒற்றை விலைத் திட்டத்துக்கு மாறிவிட்டுப் போயிருப்பார். ஹீட்டர் வழக்கம்போல நடுராத்திரி கரண்ட் இழுக்கும், ஆனால் யூனிட்டுக்கு முழு விலை விழும். புதிதாகக் குடிவந்தவர், இரவில்தானே ஏறுகிறது, மலிவுதான் என்று நம்பிக்கொண்டிருப்பார். இன்னொன்று, பிபிசி ரேடியோ 4 நீண்ட அலையில் வந்த சமிக்ஞையைப் பிடித்து ஹீட்டரை இயக்கிய பழைய மீட்டர்கள். அந்தச் சேவையை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தினார்கள். உங்கள் பிளாட்டில் அந்த மீட்டர் இன்னும் தொங்குகிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பில் கட்டுபவர் ஸ்மார்ட் மீட்டர் கேட்டால் "எதுக்கு வம்பு" என்று தட்டிக்கழிக்காதீர்கள். இரவு விலைக்கென்று தனி உச்சவரம்பு கிடையாது, பகலுக்கும் இரவுக்கும் இடையே எப்படிப் பிரிப்பது என்பதைக் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. அதனால் நாலு திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க வாடகைக்காரருக்கு வழி இருக்க வேண்டும்.

பிறகு பூஞ்சை. மூலைச் சுவர் கறுத்தால் உடனே, "சோறு வடிக்கிறப்ப ஜன்னலைத் திறங்க, துணியை உள்ளே காயப்போடாதீங்க" என்கிறீர்கள். ஆவியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆவி குளிர்ந்த சுவரில்தான் நீராகப் படியும். பில்லுக்குப் பயந்து ஒரே அறையை மட்டும் சூடாக்கி மற்ற அறைகளை அடைத்து வைக்கும் வீட்டில் சுவர் குளிராமல் என்ன செய்யும்? 15 பென்ஸுக்கு ஏற்றிய சூட்டை ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அனுப்பச் சொல்வது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள்.

வீட்டின் ஆற்றல் சிக்கனத்துக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடும் ஆற்றல் சான்றிதழைக் காட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்தத் தாள் பத்து வருஷம் செல்லும். 2017இல் எடுத்ததில் போட்டிருக்கும் வெப்பச் செலவு 2017 விலையில் போட்டது. அதை நம்பி ஒருவர் குடும்ப பட்ஜெட் போட்டால் முதல் குளிர்காலத்திலேயே உதைக்கும். 2030க்குள் வாடகை வீடுகள் சி தரத்துக்கு வர வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. எப்படியும் கை வைக்கத்தான் வேண்டும். அப்போது சுவரில் மலிவான பேனல் ஹீட்டரை மாட்டிக் கணக்கை முடிக்காதீர்கள். அது முழுக்க முழுக்கப் பகல் விலையில் ஓடும். நன்றாகக் காப்பிட்ட, தெர்மோஸ்டாட் வைத்த புதுவகை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் மாலைவரை சூட்டைப் பிடித்து வைக்கின்றன. கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் அனுமதி கிடைத்தால், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப். ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பம் எடுத்தால், மேலே சொன்ன 26.35 பென்ஸ் கணக்கில் வெப்பம் யூனிட் 9 பென்ஸுக்குள் வந்துவிடும், காஸ் பாய்லரின் 7.4 பென்ஸுக்குப் பக்கத்தில்.

அரசு கரண்டைக் குறைக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். பழைய பசுமை மின் திட்டம் ஒன்றின் செலவைக் கரண்ட் பில்லில் ஏற்றியிருந்தார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதில் முக்கால் பங்கை 2026 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷத்துக்கு அரசே ஏற்பதாக அறிவித்தார்கள். நல்லது. அதற்காக நாலு மடங்கு ஒரு மடங்காகிவிடாது.

ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், பில் கட்டுவது வாடகைக்காரர். மாற்ற நாள் எடுக்கும் என்றால் எடுக்கட்டும். அதுவரை விளம்பரத்தில் ஒரு வரி சேருங்கள்: வெப்பம் கரண்டில், இந்த வகை ஹீட்டர், இந்த மீட்டர், போன குளிர்காலத்தில் இருந்தவருக்கு மாதம் இவ்வளவு வந்தது. போகிறவரிடம் கேட்டால் பில்லைக் காட்டுவார். அந்த வரியைப் போட்டபின் வாடகையைக் குறைக்க வேண்டி வந்தால், அதுதான் அந்த பிளாட்டின் சரியான வாடகை.

இப்படிக்கு,
ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருக்கும் ஒருவன்