பதினேழா, இருபத்தேழா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் இருவருமே நீதிபதிகள். சட்ட உதவி யாருக்கு, எதற்கு என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. சென்ற மாதம், உங்கள் அலுவலகம் வக்கீல் வைத்துக் கொடுத்த ஒரு வழக்கு, மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று தள்ளுபடியானது. வழக்கு எண்ணோடு எழுதிக் கொடுத்த மனு உங்கள் தபால் பிரிவில் இருக்கிறது. சீல் வைத்துத் தந்த நகல் என்னிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவர்தான் இந்தப் பெண். தையல் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவர் கேட்டது இரண்டுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதச் செலவுக்குப் பணம், கணவர் வீட்டில் மாட்டிக்கொண்ட தையல் மெஷின். மெஷின் அவர் சொந்தக் காசில் தவணை கட்டி வாங்கியது. அது வீட்டில் இருந்தால் ராத்திரி பிளவுஸ் தைத்துக் கொடுத்தாவது சமாளித்துக்கொள்வேன் என்பது அவருடைய கணக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகம் இல்லாவிட்டால் இந்த வழக்கே வந்திருக்காது. தனியார் வக்கீல் ஒருவர் சொன்ன ஃபீஸைக் கேட்டுவிட்டு, மெஷினே வேண்டாம் என்று திரும்பி வந்தவர் அவர். உங்கள் சட்டத் தன்னார்வலர் ஒரு பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மனுவும் நன்றாக இருந்தது. இதற்கு நன்றி சொல்லாமல் மற்றதைச் சொல்வது முறையில்லை.

சரி, மற்றது.

வக்கீல் வந்த முதல் வாய்தா, வராத இரண்டு வாய்தா, ஜூனியர் வந்து தேதி வாங்கிப் போன வாய்தா என்று அது நடந்துகொண்டிருந்தது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் அந்தக் குடும்ப வன்முறைச் சட்டமே சொல்கிறது. ஒன்றரை வருஷம் தாண்டியதை நான் பெரிதுபடுத்தவில்லை. எல்லாக் கோர்ட்டிலும் கூட்டம் இருக்கிறது, தெரியும்.

இப்போது அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். வக்கீல் வரவில்லை. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, இவர் மட்டும் உள்ளே போய் நின்றார். "வக்கீல் எங்கம்மா?" என்று கேட்டார்கள். "ஆபீசில் போட்டுக் கொடுத்த வக்கீல் ஐயா" என்றார். அதற்குள் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துவிட்டார்கள். தேதி சொன்னார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓட, பின்னால் இருபது பேர் பேச, இவர் காதில் விழுந்தது "ஏழு" மட்டும்தான். திரும்பக் கேட்கப் பயம். வெளியே வந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் 27 என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய் காலண்டரில் அந்தத் தாளின் முனையை மடித்து வைத்தார்.

27-ஆம் தேதி காலை பத்து மணிக்கே போய் நின்றார். ஒரு மணி வரை பெயர் கூப்பிடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தைரியம் வந்து பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டிருக்கிறார். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இது பதினேழாம் தேதியே முடிஞ்சு போச்சேம்மா" என்றார்.

முடிந்து போச்சு என்றதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "அப்போ மெஷினை எப்போ தருவாங்க?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். என் செல்போனில், வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து, எழுத்தும் இலக்கமும் கலந்து பதினாறு வரும் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். தள்ளுபடி என்று ஒரே வரி. அதை அவருக்கு எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை.

செயலி இருக்கிறதே, பார்த்துக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். வழக்குக்கு இப்படி ஒரு நீள எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. யாரும் கொடுக்கவில்லை. மனுவில் இருந்து நான்தான் தேடி எடுத்தேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும், சட்ட உதவி வாங்கும் மனுதாரர் கையில் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன, இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, வக்கீல் பெயர், அவருடைய போன் நம்பர், அவர் வர முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். தமிழில் ஐந்தாறு வரி. கீழே ஒரு கையெழுத்து. மருந்துச் சீட்டு இல்லாமல் எந்த டாக்டராவது அனுப்புவாரா?

காசு கொடுத்து வக்கீல் வைத்தவருக்கு இந்தச் சீட்டு தேவைப்படாது. அவருக்குக் குமாஸ்தா இருக்கிறார். முதல் நாள் ராத்திரியே போன் வரும்: "நாளைக்கு வாய்தா, பத்தரைக்கு வந்துருங்க, ஆதார் நகல் எடுத்துட்டு வாங்க." அந்த ஒரு போன்காலுக்காகவே குமாஸ்தாவுக்குப் பேட்டா கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கும் இலவச வக்கீலோடு குமாஸ்தா வருவதில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் கோர்ட்டில் உள்ள வித்தியாசம் வாதத்திறமையில்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வழக்கில் அது ஒரு தேதியில் இருந்தது.

உங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது ஊழியர் ஒருவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தேதி தெரியலைன்னா எங்ககிட்ட வந்து கேட்டிருக்கலாமே. அவங்கதான் கேட்கலை."

ஐயா, இந்தப் பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1986-லேயே மறுப்பு சொல்லிவிட்டது. அருணாசலப் பிரதேசத்து சுக் தாஸ் வழக்கு. அவருக்கு வக்கீல் இல்லை, கேட்கவும் இல்லை. அவர் கேட்கவில்லையே என்ற சமாதானம் எடுபடவில்லை. உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார், தெரிவிக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று தண்டனையை ரத்து செய்தார்கள். அது வக்கீலைப் பற்றிய வழக்கு, இது தேதியைப் பற்றியது என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் தேதி தெரியாதவருக்கு வக்கீல் இருந்தென்ன?

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் தன் முகப்பிலேயே இரண்டு சொற்களை வைத்திருக்கிறது: இலவசமான, தகுதியான சட்டப்பணி. முதல் சொல்லை நீங்கள் தவறாமல் எழுதுகிறீர்கள். பெயர்ப் பலகை, நோட்டீஸ், கோர்ட் வாசல் பேனர் என்று எங்கு பார்த்தாலும் இலவசம். இரண்டாவது சொல்லை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். 2019-இல் அனோகிலால் வழக்கில், சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றைக்கே குற்றச்சாட்டும் பதிவானது என்பதற்காக, மரண தண்டனையையே ரத்து செய்து, வழக்கை மறுபடி முதலில் இருந்து நடத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். பெயருக்கு ஒரு வக்கீல் போதாது என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொல்ல முடியாது.

உங்கள் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீல்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அவர்களுக்கு நீங்கள் தரும் தொகை குறைவு, அதுவும் தாமதமாகத்தான் கைக்கு வருகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டில் ஆஜராக வேண்டிய இளம் வக்கீல், காசு கொடுத்த கட்சிக்காரர் இருக்கும் கோர்ட்டுக்குத்தான் முதலில் ஓடுவார். அதைக் கவனிக்கத்தானே தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகளில் கண்காணிப்புக் குழு வைத்திருக்கிறார்கள்? எங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு இந்த வழக்கை எத்தனை தடவை பார்த்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

வருமானச் சான்றிதழ் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் இவரை வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று அனுப்பினார்கள். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், மறுபடி இ-சேவை மையம் என்று மூன்று நாள் வேலை போனது. சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண் என்றாலே தகுதி வந்துவிடுகிறது. வருமானமே கேட்க வேண்டியதில்லை. வருமானம் பார்க்க வேண்டியவர்களுக்குக்கூட ஒரு பிரமாணப் பத்திரம் போதும் என்று 13-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சட்ட உதவி அலுவலகத்துக்கே யாராவது சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தலாம்.

முகாம் என்றதும் நினைவு வருகிறது. நவம்பர் 9-ஆம் தேதி, சட்டப்பணிகள் தினத்துக்கு, எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தினீர்கள். நானும் போனேன், இந்தப் பெண்ணையும் கூட்டிப் போனேன். ஒன்றரை மணி நேரம் வரவேற்புரை. பொன்னாடை நான் எண்ணியவரை பதினோரு பேருக்கு. 15100 என்ற உதவி எண்ணை மேடையில் மூன்று முறை சொன்னார்கள், நல்லது. அப்புறம் நினைவுப் பரிசு, குழுப் படம். படத்தில் முன்வரிசை நிறைய வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வழக்கு தள்ளுபடியான அந்தப் பெண்ணும் அந்தப் படத்தில் இருக்கிறார். பயனாளி என்று எந்த அறிக்கையிலாவது அவர் எண்ணப்பட்டிருந்தால் தயவுசெய்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். ஒரு பொன்னாடை விலையில் எத்தனை துண்டுச் சீட்டு அச்சடிக்கலாம் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் என்றால் நேரில் வந்து கெஞ்சியிருப்பேன். எழுத வேண்டியதானதற்குக் காரணம், அன்று கோர்ட் வராந்தாவில் இவருடைய நிலையில் இன்னும் பலரைப் பார்த்தது. பஸ் டிக்கெட்டின் பின்புறம் தேதி எழுதிய கிழவர். போன வாரம் வக்கீல் மாறியது தெரியாமல் பழைய வக்கீலைத் தேடிக்கொண்டிருந்த ஒரு மாற்றுத்திறனாளி. நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், வக்கீலும் இலவசம். ஆனால் பீஸ் ரேட்டில் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி பூஜ்யம். இவர் இந்த வழக்குக்காக விட்ட நாட்களை எண்ணினால் பழைய மெஷின் ஒன்றே வாங்கியிருக்கலாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுத்தில் ஒரு சீட்டு. வக்கீல் கொடுத்தாலும் சரி, உங்கள் தன்னார்வலர் கொடுத்தாலும் சரி. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெல்லியில் இருந்து நிதி வர வேண்டியதில்லை. உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும். அச்சுச் செலவுதான் தடை என்றால் முதல் ஆயிரம் சீட்டை நானும் என்னைப் போல ஓய்வு பெற்ற நண்பர்களும் சேர்ந்து அடித்துத் தருகிறோம். இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, இந்த வழக்கைப் பற்றி மட்டும். தள்ளுபடியான மனுவை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார்கள். நாள் ஆக ஆகக் காரணம் சொல்வது கஷ்டமாகும் என்றும் சொல்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அவர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, காலை பத்தரைக்கு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். நானும் கூட வருகிறேன். வழக்கை நன்றாகப் படித்துவிட்டு வரும் ஒரு வக்கீலை அன்றே நியமித்துத் தாருங்கள். அடுத்து அவர் எங்கே, எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை, பதினேழா இருபத்தேழா என்ற சந்தேகம் வராதபடி, எண்ணிலும் எழுத்திலும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்