பழைய ஜீப்பில் எதை மாற்றலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றம் செய்யப்பட்ட ஜீப்புகளை வழிமறித்து அபராதம் விதிப்பது பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. அவற்றோடு வெளியாகும் படங்களில் இடுப்பளவு உயரச் சக்கரங்களும் கூரை நிறைய விளக்குகளும் கொண்ட வண்டிகளையே பார்க்கிறோம். அவற்றின் மீது நடவடிக்கை எடுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே சட்டப் பிரிவுதான் போடிநாயக்கனூர் அடிவாரத்திலிருந்து காப்பி, மிளகு, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் பழைய ஜீப்புகளுக்கும் பொருந்துகிறது. அதனால் வரும் சிக்கலைப் பற்றியே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1996-இல் பதிவான மகிந்திரா எம்.எம். 540. பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பில் உருவான 2.1 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்டது. எங்கள் தோட்டத்துக்குத் தார்ச்சாலை கிடையாது. உருளைக் கற்கள் பரவிய ஏற்றமும், இடையில் இரண்டு ஓடைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஃபோர் வீல் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை தரும் கியர்) போட்டாலும் சில நாள் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும். புதிய வண்டி வாங்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விலை ஒருபுறம் இருக்கட்டும்; அந்தப் பாதையின் அகலமே ஒரு பழைய ஜீப்பின் அகலம்தான். நடுவழியில் நின்றுபோனால் அடிவாரத்து மெக்கானிக் ஒரு பை ஸ்பேனரோடு ஏறிவந்து சரிசெய்ய முடிகிற வண்டியே மலையில் பிழைக்கும்.

ஆனால் 30 ஆண்டுக்கு முந்தைய வண்டியை 30 ஆண்டுக்கு முந்தைய பாதுகாப்போடு ஓட்டுவது விவேகமாகாது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்; சக்கரத்தோடு சுழலும் மூடிய உருளைக்குள் லைனிங் உரசி வண்டியை நிறுத்தும் பழைய வகை. ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதன்பின் சிறிது தூரம் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே போய் லைனிங்கைக் காயவைத்தால்தான் பிரேக் பிடிக்கும். இந்தப் பழக்கம் தெரியாத புது ஓட்டுநர் ஓடைக்கு அடுத்த இறக்கத்தில் என்ன ஆவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்கு, திறந்த தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பதால் தண்ணீர் தேங்காத டிஸ்க் பிரேக் பொருத்தினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். தார்ப்பாய்க் கூரைக்கு அடியில் வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க முறையாக வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்க் கூண்டு, எல்லா இருக்கைகளுக்கும் பெல்ட், பின்னால் எதிரெதிராக உட்காரும் பலகைகளுக்குப் பதில் முன்னோக்கிய இருக்கை ஆகிய மூன்றையும் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பவர் ஸ்டியரிங் பற்றி மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. முன்சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங் தேய்ந்து ஸ்டியரிங் உதறும் வண்டிகளில், அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் அதன்மேல் பவர் ஸ்டியரிங்கை மாட்டி உதறலை மறைத்து விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இளைஞர்கள் முதலில் கேட்பதோ வண்டியை உயர்த்துவதைத்தான். பட்டை ஸ்பிரிங்கின் வளைவைக் கூட்டியோ, அதன் கொக்கியை நீட்டியோ நான்கைந்து அங்குலம் உயர்த்திவிடுகிறார்கள். இதனால் புவியீர்ப்பு மையம் மேலே போய், சரிவில் பக்கவாட்டாகச் செல்லும்போது வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. இன்ஜின் விசையைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்கோணம் அதிகமாகி, அதன் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்ட் என்ற இணைப்பு அடிக்கடி உடைகிறது. அகன்ற பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டும். பழைய பிரேக்குக்குச் சுமையும் கூடும். இந்த வண்டிகளுக்கு நிறுவனம் கொடுத்த 6.00-16 என்ற ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொடும் என்பதால், எங்கள் பாதைகளுக்கு அதுவே போதுமானது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், உயர்த்திய ஜீப் ஒன்றின் பின்னால் ஒருமுறை போய்ப் பார்த்தவர்கள் அதன்பின் உயரம் கேட்க மாட்டார்கள்.

சட்டம் இந்த இரண்டு வகை மாற்றங்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதே என் முறையீடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு. பிரேக்கின் வகை ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்படுவதில்லை, ஆனாலும் அது தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புதான். அப்படியானால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்துவது குற்றமா, இல்லையா? ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது முதல் மேசையில் “மனு கொடுங்கள்” என்றார்கள். அடுத்த மேசையில் “மாட்டிவிட்டு எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்” என்றார்கள்.

பழம்பெரும் வாகனங்களுக்கென 2021-இல் வந்த தனி விதியும் எங்களுக்கு உதவாது. அது 50 ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கானது. அவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கவும் கூடாது. உழைக்கிற ஜீப் அந்தக் கணக்கில் சேராது. பதிவைப் புதுப்பிக்க 2021-இல் நான் கட்டிய கட்டணம் 600 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய இலகுரக வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டு அறிவிக்கைப்படி அது 10,000 ரூபாய். கட்டத் தயாராகவே இருக்கிறேன். இவ்வளவு வாங்குகிறவர்கள் வண்டியின் பிரேக்கைப் பற்றி ஒரு தெளிவான பதிலும் தரலாம் அல்லவா?

வெளியூர்க்காரர்கள் இப்போது பழைய ஜீப்பை விரும்பி வாங்குவதால் இந்தக் கேள்வி எங்களோடு நிற்பதுமில்லை. கொழுக்குமலை ஜீப் பயணமே பலருக்கு இந்த ஆசையை ஊட்டுகிறது. (கொழுக்குமலை எங்கள் தேனி மாவட்டத்தில் இருந்தும், ஜீப்பில் அங்கே போகக் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது தனிக் கதை.) ராணுவ ஏலத்தில் வந்தது என்றும், ஹரியானாவின் டப்வாலியில் புதிதாகக் கட்டியது என்றும் சொல்லிப் பல வண்டிகள் விலைக்கு வருகின்றன. பெயின்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொறித்த எண்ணைத் துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த இடம் சுரண்டப்பட்டோ, புதிதாகப் பற்றவைக்கப்பட்டோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலகிவிடுவதே நல்லது.

போக்குவரத்துத் துறையிடம் நான் வேண்டுவது பெரிய சலுகை அல்ல. பிரேக், பெல்ட், கூண்டு, இருக்கை போன்ற பாதுகாப்பு மாற்றங்கள் எவை, அவற்றுக்கு எத்தகைய தரச்சான்று பெற்ற உதிரிபாகங்கள் வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வரும்போது அவற்றை ஆய்வாளர் சோதித்து ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து தரட்டும். உயர்த்திய வண்டிகளையும், 2017-இலேயே மத்திய அரசு தடை செய்யச் சொன்ன முன்பக்க இரும்புத் தடுப்புகளையும் அப்போதே கழற்றச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். இதற்கு மத்திய விதிகளில் திருத்தம் தேவைப்படுமானால், மலை மாவட்டங்களை வைத்திருக்கும் தமிழக அரசு அதைக் கேட்டுப் பெறலாம்.

என் வண்டியின் பதிவு இந்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். முன்சக்கரங்களுக்காக வாங்கிய டிஸ்க் பிரேக் ஓராண்டாக அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. அதைப் பொருத்திக்கொண்டு ஆய்வுக்கு வருவதா, ஆய்வு முடியும்வரை டிரம்மோடு ஓடையைக் கடப்பதா என்பதற்கு எழுத்து மூலமான ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்ட விவசாயி ஒருவர்,
போடிநாயக்கனூர்.