தையல் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நாங்கள் போட்ட ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகம் நல்லபடியாக முடிந்தது. கடைசி வாரத்தில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி எதற்கு. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாக வசனம் படித்து அதில் வரும் மகன் எட்மண்டாக நின்ற தம்பி, விளக்குகள் கொடுத்தவர்கள், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், ஒத்திகை நாட்களில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. நேரில் வந்தும் சொல்கிறேன்.

அப்புறம் தையல் அக்கா. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜீன் ஓநீல் எழுதிய இந்த நாடகம் முடியும் இடத்தில், மார்ஃபின் என்ற போதை மருந்தின் மயக்கத்தில் அந்த வீட்டு அம்மா மேரி தன் கல்யாண கவுனைக் கையில் போட்டுக்கொண்டு வருவாள். அது தரையில் இழுபட வேண்டும். ஓரத்தைப் பிரித்து நீளமாக்கத்தான் அக்கா வந்தார். அன்றைக்கு ஒத்திகையில் நாலாம் அங்கம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அப்பாவும் மகனும் குடித்துக்கொண்டே சீட்டாடுகிறார்கள், மாடியில் மேரி நடமாடும் சத்தம். என்ன செய்தும் காட்சி ஒட்டவே இல்லை.

வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு அக்கா சொன்னார்: “சத்தம் கேட்டதும் மேலே பார்க்கிறாங்களே, அப்படிப் பார்க்க மாட்டாங்க தம்பி. எங்கப்பா எவ்வளவு குடிச்சிருக்கார்னு வாசல்ல செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிடும். ஒருத்தரும் தலையைத் தூக்க மாட்டோம். வீட்டுப்பாடம் எழுதுற பேனா மட்டும் நின்னுடும்.”

அவ்வளவுதான். ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

காட்சியை முதலிலிருந்து எடுத்தோம். யாரும் மேலே பார்க்கவில்லை. சீட்டை இறக்கப் போன கை பாதியில் நின்றது, அப்புறம் இறக்கியது. நாடகத்தன்று அரங்கில் இருமல்கூட அடங்கிப்போனது அந்த இடத்தில்தான்.

இது ஓநீலின் சொந்த வீட்டுக் கதை. 1941-இல் எழுதி முடித்தவர், தான் இறந்து 25 வருடம் கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்று பூட்டி வைத்தார். 1953-இல் இறந்தார். மனைவி கார்லோட்டா சம்மதித்ததால் 1956-லேயே ஸ்டாக்ஹோமில் மேடையேறியது. அம்மாவின் மார்ஃபின் பழக்கத்தை ஊருக்குச் சொல்ல ஓநீலுக்கே அத்தனை தயக்கம் இருந்திருக்கிறது. அக்காவோ, முன்பின் பழக்கமில்லாத எங்களிடம், ஒரு காட்சி சரியாக வரட்டுமே என்பதற்காகத் தன் வீட்டைத் திறந்து காட்டினார்.

அடுத்து எந்த நாடகம் போட்டாலும் முதல் ஒத்திகையிலிருந்தே அக்காவுக்கு ஒரு நாற்காலி உண்டு. துணி அளவெடுக்க இல்லை. வருவாரா தெரியாது. தையல் கூலி பாக்கியைக் கொடுக்கப் போகும்போது கேட்கிறேன்.