அந்த மூன்று பெயர்களையும் சேருங்கள்: தலைமைப் பண்பு பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும் கையேடு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

அன்டார்க்டிகா கண்டத்தைக் கடக்கக் கிளம்பிய பயணத் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் பெயர் வராத தலைமைப் பண்பு வகுப்பு இன்று அரிது. அவருடைய என்ட்யூரன்ஸ் கப்பல் அன்டார்க்டிகாவின் வெட்டெல் கடலின் பனியில் சிக்கி 1915 நவம்பர் 21-இல் மூழ்கியது, ஆறு பேர் ஜேம்ஸ் கேர்ட் என்ற சிறு படகில் சுமார் 800 மைல் கடந்து தெற்கு ஜார்ஜியா போய்ச் சேர்ந்தது, எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் 1916 ஆகஸ்ட் 30-இல் மீட்கப்பட்டது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அண்மையில் மேலாளர்களுக்கென்று அச்சிடப்பட்ட தமிழ்க் கையேடு ஒன்றில், அந்தப் பயணத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பாடத்தின் தலைப்பே அதுதான். அது தவறு. அந்தப் பயணத்தில் மூன்று பேர் இறந்தார்கள்: ஆர்னால்ட் ஸ்பென்சர்-ஸ்மித், ஈனியஸ் மக்கின்டாஷ், விக்டர் ஹேவர்ட். அந்த வரியை நீக்குங்கள், இந்த மூன்று பெயர்களையும் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என்ட்யூரன்ஸில் போனவர்களை மட்டும்தான் சொன்னோம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் திட்டம் ஒன்றுதான், கப்பல்கள்தான் இரண்டு. வெட்டெல் கடல் பக்கமிருந்து ஷாக்கிள்டன் தென்முனை வழியாகக் கண்டத்தைக் கடப்பார். கடைசிக் கட்டத் தூரத்துக்கான உணவையும் எரிபொருளையும் அவர் சுமந்து வர மாட்டார். எதிர்ப்பக்கம் அரோரா கப்பலில் போகும் ராஸ் கடல் அணி, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரம் வரை பனித்தட்டின்மேல் கிடங்குகள் வைத்து முடிக்க வேண்டும். கிடங்கு இல்லையென்றால் கடந்து வருபவர்கள் பட்டினியில் சாவார்கள். இந்த ஒரு பொறுப்புக்காகவே அந்த அணியை அனுப்பியவர் ஷாக்கிள்டன். அந்த அணியின் சாவு அவருடைய கணக்கில் வராது என்றால் வேறு யாருடைய கணக்கில் வரும்?

அந்த அணிக்குக் கிளம்பும்போதே போதிய பணம் இல்லை. சிட்னியில் நன்கொடை திரட்டித்தான் கப்பலைச் செப்பனிட்டார்கள். 1914 டிசம்பர் 24-இல் ஹோபார்ட்டிலிருந்து புறப்பட்டார்கள். ஷாக்கிள்டன் முதல் பருவத்திலேயே கடந்து வந்துவிடக்கூடும் என்ற எண்ணத்தில், போய் இறங்கியதும் பழக்கமில்லாத நாய்களைப் பனிச்சறுக்கு வண்டியில் பூட்டி ஓட்டினார் அணித் தலைவர் மக்கின்டாஷ். குளிருக்கும் சுமைக்கும் உடம்பு பழக நாள் கொடுக்க வேண்டும் என்று அனுபவசாலியான ஜாய்ஸ் சொன்னது எடுபடவில்லை. கொண்டுபோன நாய்களில் பெரும்பாலானவை செத்தன. அடுத்த பருவத்தின் நீண்ட பயணத்துக்கு மிஞ்சியவை நான்கே நான்கு.

பிறகு 1915 மே மாதப் புயலில், அணியின் தளமான கேப் எவன்ஸ் கரையில் வடம் போட்டுக் கட்டியிருந்த அரோரா, சுற்றியிருந்த கடற்பனியோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் 10 பேர். குளிர்காலம் முழுவதும் கப்பலே வீடு என்று நினைத்திருந்ததால், துணிமணி, உணவு, எரிபொருள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி இறக்கப்படாமல் அதிலேயே இருந்தது. முன்பு தென்முனைக்குப் போன ஸ்காட்டின் பழைய குடிசையில் கிடந்த மிச்சத்தைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பழைய கூடாரத் துணியில் உடை தைத்தார்கள், சீல் கொழுப்பில் அடுப்பெரித்தார்கள். அந்த நிலையிலும் இரண்டாம் பருவத்தில் வண்டியிழுக்கக் கிளம்பினார்கள். என்ட்யூரன்ஸ் மூழ்கிய நாளில் இவர்கள் அந்தப் பனித்தட்டில் வராத ஆட்களுக்காகச் சுமை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணிகளுக்கும் இடையே செய்தித் தொடர்பே கிடையாது.

இதில் ஒரு கட்டத்தை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1916 ஜனவரித் தொடக்கத்தில் ப்ரைமஸ் என்ற மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று பழுதானது. மூன்று பேருக்கு ஒரு கூடாரம், ஒரு கூடாரத்துக்கு ஒரு ஸ்டவ் என்பது அவர்கள் கணக்கு. துருவத்தில் ஸ்டவ் சோறு பொங்க மட்டுமல்ல, பனியை உருக்கிக் குடிநீர் எடுப்பதும் அதில்தான். ஒரு ஸ்டவ் போனால் மூன்று பேர் திரும்பியாக வேண்டும். மூவர் திரும்பினார்கள். ஒன்பது பேர் இழுக்க வேண்டிய சுமையை ஆறு பேர் இழுத்தார்கள்.

அதற்குள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்துவிட்டது. அந்த வைட்டமினை மனித உடம்பு தானாகத் தயாரிக்காது. பெமிக்கன் (உலர்ந்த இறைச்சியும் கொழுப்பும் கலந்தது), பிஸ்கட், கோகோ என்ற வண்டி உணவில் அது இல்லை. புதிய சீல் இறைச்சியில் உண்டு, ஆனால் சீல்கள் கடலோரத்தில்தான் கிடைக்கும், பனித்தட்டின் நடுவே கிடைக்காது. ஈறு வீங்கும், கால் கறுக்கும், முழங்காலின் பின்தசை சுருங்கி நிமிர்ந்து நிற்க முடியாமல் போகும். அணியின் பாதிரியாரும் புகைப்படக்காரருமான ஸ்பென்சர்-ஸ்மித் ஜனவரிக் கடைசியில் விழுந்தார். அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, மற்ற ஐவரும் தெற்கு அட்சரேகை 83½ பாகையில் மவுண்ட் ஹோப் வரை போய்க் கடைசிக் கிடங்கை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு படுக்கைப் பையோடு அவரை வண்டியில் கட்டி, சுமார் 40 நாள் இழுத்து வந்தார்கள்.

பிப்ரவரி நடுவில், கிடங்குக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும்போது பனிப்புயல் பிடித்தது. ஆறு நாள் கூடாரத்துக்குள். உணவு தீர்ந்தது. 1912-இல் இதே பனித்தட்டில், கிடங்குக்கு 11 மைல் தொலைவில் ஸ்காட் இறந்தது அவர்களுக்குத் தெரியும். புயல் முழுதாக ஓயும் முன்பே கிளம்பினார்கள். நடக்க முடியாத மக்கின்டாஷையும் ஸ்பென்சர்-ஸ்மித்தையும் பார்த்துக்கொள்ள எர்னஸ்ட் வைல்ட் தங்கினார். எலிஃபன்ட் தீவில் காத்திருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவராக உங்கள் கையேட்டில் நீங்கள் புகழும் ஃபிராங்க் வைல்டின் தம்பிதான் அவர். ஜாய்ஸ், ரிச்சர்ட்ஸ், ஹேவர்ட் மூவரும் நான்கு நாய்களோடு கிடங்குக்குப் போய், உணவை எடுத்துக்கொண்டு விட்டுவந்தவர்களிடமே திரும்பினார்கள். அவர்கள் திரும்பாமல் நேரே குடிசைக்கு நடந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஸ்பென்சர்-ஸ்மித் மார்ச் 9-இல், பனித்தட்டின் ஓரத்திலிருந்த ஹட் பாயின்ட் குடிசை எட்ட இரண்டே நாள் இருக்கையில் வண்டியிலேயே இறந்தார். மற்ற ஐவரையும் ஹட் பாயின்ட்டில் கிடைத்த சீல் இறைச்சி தேற்றியது. ஆனால் மே 8-இல் மக்கின்டாஷும் ஹேவர்டும், மற்றவர்கள் தடுத்தும் கேளாமல், புதிதாக உறைந்த கடற்பனிமேல் கேப் எவன்ஸுக்கு நடந்தார்கள். அன்றே புயல் அடித்தது. பிறகு தேடிப்போனவர்கள் கண்டது, பனி உடைந்த விளிம்பில் முடிந்துபோன கால்தடம்.

இவ்வளவையும் ஷாக்கிள்டனே மறைக்கவில்லை. 1917 ஜனவரியில் எஞ்சிய ஏழு பேரை மீட்கப் போன அரோராவில் அவரும் இருந்தார், உடல்களைத் தேடினார். தம் பயண நூலையே தெற்கின் பனியிலும் போர்க்களத்திலும் வீழ்ந்த தோழர்களுக்குத்தான் படைத்தார். மூவருக்குமான சிலுவை கேப் எவன்ஸில் நிற்கிறது. அவர் ஒப்புக்கொண்டதை அவர் பெயரில் வகுப்பு எடுப்பவர்கள் அழிக்கிறீர்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

பிழை இதோடு நிற்கவில்லை. எதிர்த்துப் பேசியவரையும் அவர் அரவணைத்தார் என்று எழுதுகிறீர்கள். ஜேம்ஸ் கேர்டின் பக்கங்களை உயர்த்தி, மேல்தளம் போட்டு, இடுக்குகளை விளக்குத் திரியும் ஓவியரின் வண்ணமும் சீல் இரத்தமும் வைத்து அடைத்த தச்சர் ஹாரி மக்நிஷ், கப்பல் மூழ்கியபின் ஒருமுறை உத்தரவை எதிர்த்தார். துருவப் பதக்கத்துக்கு ஷாக்கிள்டன் பரிந்துரைக்காத நால்வரில் அவர் ஒருவர். அதையும் மாணவர்களிடம் சொல்லலாமே? முன்னால் நிற்பவர் மட்டுமே தலைவர், சரக்கு ஏற்றுபவரும் கிடங்கு வைப்பவரும் ஸ்டவ்வைச் சரிபார்ப்பவரும் பின்னணி என்று கற்பித்து அனுப்பினால், அந்த மேலாளர்கள் தொலைவிலுள்ள தங்கள் கிளைக்கு எந்தக் கையிருப்பை அனுப்புவார்கள்?

சினந்து எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறியது. ஓர் உயிரும் போகவில்லை என்ற வரியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள். ராஸ் கடல் அணிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். சரக்கை ஏன் உடனே கரையில் இறக்கவில்லை, மாற்று ஸ்டவ் ஏன் இல்லை, ஜாய்ஸ் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று வகுப்பில் கேளுங்கள். அதற்கெல்லாம் இடமில்லை என்றால், "என்ட்யூரன்ஸில் இருந்த 28 பேரும் உயிர் தப்பினர், அதே பயணத்தின் ராஸ் கடல் அணியில் ஸ்பென்சர்-ஸ்மித், மக்கின்டாஷ், ஹேவர்ட் இறந்தனர்" என்று ஒரே வாக்கியமாகவாவது திருத்தி அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
துருவப் பயண வரலாற்று வாசகர் ஒருவர்