ஸ்பென்சர் நினைவு எரியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சென்னை மவுண்ட் ரோடுல இருந்த ஸ்பென்சர்ங்கற பெரிய கடையப் பத்தி ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட கட்டுரைய படிச்சேங்க, 1863-ல ஆரம்பிச்ச கம்பெனியோட அந்த செங்கல் கட்டடம் 1983-ல தீப்பிடிச்சு போச்சுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, மனசுக்கு கஷ்டமாயிடுச்சு. கட்டடம் போனா போகட்டும், அங்க போய் வந்தவங்க ஞாபகத்தையாவது எழுதி வைக்கணும் இல்லீங்களா. எழுபதுகள்ல எங்க தாத்தா காட்பாடியில ரயிலேத்தி கூட்டிட்டுப் போனாரு, உள்ள நுழைஞ்சதும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன், அவ்ளோ ஒசரம், செருப்பு சத்தம் கூட கேக்கக்கூடாதுன்னு தாத்தா மெதுவா நடந்தாரு. அன்னைக்கு வாங்குன பிஸ்கட் டப்பா இன்னும் வீட்ல இருக்கு, மூடி ஓரம் துருப்பிடிச்சிருச்சு, அம்மா அதுல ஊசி நூல் பட்டன் போட்டு வச்சிருக்காங்க.

இந்த மாதிரி டப்பா, பில்லு, போட்டோ வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைன்னு எத்தனையோ வீட்டு பரண்ல கிடக்கும். அதையெல்லாம் வாசகர்கிட்ட கேட்டு வாங்கி வாராவாரம் ஒரு பக்கம் போடுங்க, அப்படியே எங்க ஊரு லாங் பஜார் பழைய கடைங்களையும் இடிக்கறதுக்கு முன்னாடி படம் புடிச்சு வைங்க.

வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்