பனிமலைக்கு ட்ரெக் அழைத்துப் போகும் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் உத்தராகண்டின் கேதார்காண்டா, பிரம்மதால் என்று ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். பனியையே பார்க்காத ஊர்க்காரர்களுக்கு அதைக் காட்டுவது நல்ல காரியம். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அதனால் உங்களிடமே கேட்கிறேன்: பனிச்சரிவு வரக்கூடிய ஒரு மலைச்சரிவைக் கடக்கலாமா கூடாதா என்பதில் உள்ளூர் கைடு 'வேண்டாம்' என்றால் அதுவே முடிவு என்று, பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரியில் உத்தராகண்டில் இருந்தோம். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, மூன்றாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். மரங்கள் இல்லாத ஒரு சரிவின் அடியில் கைடு நாலு அடி எடுத்து வைத்ததும் பனிக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டார். கைத்தடியைச் செருகினார். ஒரு முழம் வரைக்கும் கெட்டியாக இறங்கியது, அப்புறம் எதிலும் படாததுபோல் சர்ரென்று உள்ளே போனது. தோண்டி அடிப்பனியை அள்ளிக் காட்டினார். வறுத்த ரவைபோல மணிமணியாக, பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் உதிர்ந்தது. திரும்பிவிடலாம் என்றார்.

எங்கள் குழுத் தலைவர் ஒப்பவில்லை. "போன வாரம்கூட ஒரு பேட்ச் போய்ட்டு வந்திருக்கே" என்றார். அரை மணி நேரம் வாக்குவாதம். அந்த அரை மணி நேரமும் நாங்கள் அத்தனை பேரும் அதே சரிவின் அடியில்தான் நின்றுகொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் திரும்பினோம். அன்றைக்கு அந்தச் சரிவில் பனி பிய்த்துக்கொண்டு இறங்கவில்லை. போயிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பனிமலையில் பெரிய சிக்கலே இதுதான். தப்பாக முடிவெடுத்தவரும் பெரும்பாலும் பத்திரமாகத் திரும்பிவிடுவார். அந்த அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று எண்ணி அடுத்த குழுவை அழைத்துப் போவார்.

அந்த ரவை எப்படி வருகிறது? தரையை ஒட்டிய பனியில் கொஞ்சம் வெப்பம் இருக்கும், மேலே கடுங்குளிர். பனி ஆழமில்லாத இடங்களில் நீராவி கீழிருந்து மேலேறி, அடியில் இருக்கும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்கிவிடுகிறது. புதுப்பனியும் காற்று வாரிக்கொண்டுவந்து கொட்டும் பனியும் அதன்மேல் பாளமாக இறுகுகின்றன. ரவை மேல் கடப்பைக்கல்லைச் சாய்த்து வைத்த கதைதான். இப்படிப்பட்ட பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் பிய்த்துக்கொண்டு வருகின்றன. 30 பாகை என்பது ஏறக்குறைய நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு. அதைப் போனிலேயே அளந்துவிடலாம். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான். மலை தானாக வந்து விழுவது குறைவு.

சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அது ஒரு வட்டாரம் முழுமைக்குமானது. உங்கள் முன்னால் நிற்கும் சரிவைப் பற்றிச் சொல்ல, பனியைத் தோண்டிப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

மீட்பு வரும் என்று நம்பாதீர்கள். 2016இல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த ராணுவ வீரர் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டது நம் எல்லோர் மனதிலும் நிற்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் ஆயிற்றே. அவரும் சில நாட்களில் போய்விட்டார். அது அபூர்வத்திலும் அபூர்வம். முழுதாகப் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவ்வளவு சீக்கிரம் தோண்டியெடுக்கக் கூட இருப்பவர்களால் மட்டுமே முடியும். அதற்கு ஒவ்வொருவர் உடம்பிலும், புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவியான பீக்கனும், பையில் குத்துகோலும் மண்வாரியும் இருக்க வேண்டும், பயன்படுத்தியும் பழகியிருக்க வேண்டும். அன்று எங்களில் யாரிடமும் எதுவும் இல்லை.

சம்மிட் கிடைக்காவிட்டால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் வரமாட்டார்கள் என்ற உங்கள் பயம் புரிகிறது. முன்னாடியே சொல்லிவிட்டால் கோபிக்க மாட்டார்கள். இந்த டிசம்பருக்கான அறிவிப்பில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். சேர்க்கும் குழுவில் நானும் என் தம்பியும் பெயர் கொடுக்கிறோம்.

அன்புடன்,
உங்களோடு மலையேறிய ஒருவன்