ஊத்தங்கரை வெள்ளத்தில் எங்கள் மாவு மில்லுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் யார் பெயரையும் எழுதவில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா, பேரெல்லாம் போடாதீங்க" என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவரவர் செய்த வேலையை எழுதுகிறேன். படித்தால் யாரென்று அவரவருக்குத் தெரியும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோர மாவட்டங்களுக்குத்தான் கஷ்டம் என்று நாமெல்லாம் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. மழை. தர்மபுரிப் பக்கம் அரூரில் 33 செ.மீ. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளத்தில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் உருண்டு போனதை நாடே பார்த்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குப் பேரிடர் என்றால் வறட்சிதான். ஏரி வறண்டு வெடித்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் தெரிந்தவர்கள் வந்து சொல்லிக் கொடுத்தீர்கள். அதற்குத்தான் முதல் நன்றி.

தண்ணீர் வடிந்ததும் மில்லுக்குள் முதலில் வந்தவர் எங்கள் பகுதி லைன்மேன் தம்பி. என் வீட்டுக்காரர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டார்டர் பக்கம் போனார். "அண்ணா, கை வைக்காதீங்க" என்று கத்தியே நிறுத்திவிட்டார் அந்தத் தம்பி. கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு, மீட்டர் பெட்டி காய்ந்து, வயரிங் முழுவதையும் எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொன்ன பிறகுதான் திரும்பக் கொடுத்தார். விடிய விடிய சாய்ந்த கம்பங்களைத் தூக்கிவிட்டு வந்த மனிதர் அவர். உயிர் தப்பினோம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

அடுத்து திருப்பத்தூரிலிருந்து வந்த, மோட்டாருக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் அண்ணன். எங்கள் மில்லில் ராகி அரைக்க ஒன்று, அரிசிக்கு ஒன்று, மிளகாய், மஞ்சளுக்கு ஒன்று என்று மூன்று மோட்டார். மூன்றும் சேற்றில் முழுகியிருந்தன. வெயிலில் வைத்துக் காய்ந்ததும் ஓட்டிப் பார்க்கலாம் என்று பலரும் சொன்னார்கள். அவர் விடவில்லை. வெளியே காய்ந்தாலும் காயிலுக்குள் ஈரமும் வண்டலும் இருக்கும், கரண்ட் கொடுத்த நொடியில் காயில் கருகிவிடும் என்று விளக்கினார். மோட்டார்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, சூடு காட்டி உலர்த்தி, காயிலில் கரண்ட் கசியுமா என்று சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே, அதாவது இன்னும் ஈரம் இருப்பதாகக் காட்டியதை மறுபடி சூட்டில் வைத்தார். பிறகு வார்னிஷ் அடித்து, பேரிங் எல்லாம் புதிதாக மாற்றினார். இரண்டு மோட்டார் பழைய காயிலோடே பிழைத்தன. ஒன்றுக்கு மட்டும் புதுக் காயில் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் கூலி வாங்காமல், கம்பிக் காசு மட்டும் போதும் என்றார். எங்கள் தெருவில் தையல் கடைக்காரரின் மெஷின் மோட்டாரையும், டீக்கடை கிரைண்டரையும் அவரேதான் பார்த்துக் கொடுத்தார். அவர் வராமல் இருந்திருந்தால் இந்தத் தெருவே புது மோட்டாருக்குக் கடன் வாங்கியிருக்கும்.

அரைக்கக் கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளர்களின் ராகியும் மிளகாயும் மூட்டை மூட்டையாக நனைந்து போயின. அதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம். மெஷின் எங்களுடையது, தானியம் அவர்களுடையது. ஒவ்வொரு வீடாகப் போய் ஈடு தருகிறோம் என்றோம். ஒருவர்கூட வாங்கவில்லை. "எங்க வூட்டுக்குள்ளயும்தான் தண்ணி வந்துச்சு, உங்ககிட்ட வாங்கி என்ன பண்றது" என்று ஒரு பாட்டி எங்களுக்கே களி கிண்டிப் போட்டு அனுப்பினார். பாட்டிம்மா, அதை நாங்கள் மறக்க மாட்டோம். நனைந்த தானியத்தை மாட்டுக்காவது போடலாமே என்று நினைத்தபோது, பூஞ்சை பிடித்த தானியம் மாட்டுக்கும் விஷம்தான், பால் மூலம் நமக்கும் வரும் என்று தடுத்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

இனி காகித விஷயம். தானியத்தைக் குழி வெட்டிப் புதைக்கக் கிளம்பிய எங்களை, நஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் போனிலேயே நிறுத்தினார். வாசலிலிருந்து தொடங்கி, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, ஒவ்வொரு மெஷினையும் அதன் நம்பர் பலகையோடு படம் எடுக்கச் சொன்னார். பிறகே சுத்தம் செய்தோம். பில் புத்தகமெல்லாம் கூழாகிவிட்டன. கவலைப்படாதீர்கள், மசாலாவுக்கு வாங்கிய சரக்கின் பில் எல்லாம் ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்கிற கொள்முதல் பில் பட்டியலில் இருக்கும் என்று எடுத்துக் கொடுத்தார். அழிந்துபோன சரக்குக்கு ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி நம் கணக்கில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை, திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். பின்னால் நோட்டீஸ் வந்து தெரிந்துகொள்ளும் நிலை எங்களுக்கு வரவில்லை.

வங்கியில் இருக்கும் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷின் கடன் ஃபைலைத் தேடி, அதிலிருந்த காப்பீட்டுப் பாலிசியின் நகலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று பெயர். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்கு 2021 ஏப்ரல் முதல் இருக்கிறதாம். வெள்ளமும் அதில் அடக்கம். கடன் வாங்கித் தொழில் செய்கிற அத்தனை பேரும் தயவுசெய்து உங்கள் ஃபைலைக் கேட்டுப் பாருங்கள். பாலிசி மெஷினுக்கு மட்டுமா, சரக்குக்கும் சேர்த்தா, வாடிக்கையாளர் பொருளுக்கும் உண்டா என்று வரி வரியாகக் கேளுங்கள். எங்களுக்கு மெஷினுக்கு மட்டும் பணம் வந்தது. அது பெரிய உதவிதான். பேரிடர் நடந்த பகுதியில் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது, எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள் என்று சொன்னதும் அந்த அக்காதான்.

அப்புறம் சிங்காரப்பேட்டைப் பக்கத்து மில்காரர். தொழிலில் எங்களுக்குப் போட்டியாளர். எங்கள் மில் ஓடாத நாட்களில் இரவில் அவர் மில்லைத் திறந்துவிட்டு, "உங்க பார்ட்டிங்களுக்கு நீங்களே அரைச்சுக் கொடுங்க" என்றார். நினைத்திருந்தால் எங்கள் வாடிக்கையாளர்களை அவர் பக்கம் இழுத்திருக்கலாம். ஒரு வீடும் எங்களை விட்டுப் போகாமல் இருப்பதற்கு அவர்தான் காரணம். சேலம் லீ பஜார் மண்டிக்காரர் முன்பணம் கேட்காமல் மிளகாய் அனுப்பினார். மகளிர் குழுவினர் சேறு காய்ந்து இறுகுவதற்குள் அள்ளிப் போட்டார்கள்.

நீங்கள் சொன்னபடியே மில்லை மாற்றியிருக்கிறோம். மோட்டார்களுக்கு கான்கிரீட் மேடை கட்டி உயர்த்திவிட்டோம். ஸ்டார்டரும் மெயின் போர்டும் இப்போது தலை உயரத்தில் இருக்கின்றன. மூட்டைகள் பலகை மேல்தான். பில், பாலிசி, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்று எல்லாம் போனிலும் மகனின் மெயிலிலும் இருக்கின்றன. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 இரண்டையும் சுவரில் பெயின்டிலேயே எழுதிவிட்டோம். சிங்காரப்பேட்டை மில்காரரோடு பேசி, எந்த மில் நின்றாலும் மற்றதில் அரைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு தகவல். எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து டீசலில் ஓடும் தண்ணீர் பம்ப் ஒன்றும் மெக்கர் ஒன்றும் வாங்கி எங்கள் மில்லில் வைத்திருக்கிறோம். ரீவைண்டிங் அண்ணன் எங்கள் பையன்களுக்கு மெக்கர் பார்க்கப் பழக்கிவிட்டார். ஊத்தங்கரை, மத்தூர், போச்சம்பள்ளி, அரூர் எந்த ஊரில் கடைக்குள் தண்ணீர் புகுந்தாலும் சொல்லி அனுப்புங்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். வாடகை கிடையாது. மோட்டாரை மட்டும் நாங்கள் வரும்வரை யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

என்றும் நன்றியுடன்,
மாவு மில் குடும்பத்தார்,
ஊத்தங்கரை.